இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை

சம்மட்டியின் பிடி ஆட ஆரம்பித்துவிட்டால் பட்டறையில் யாரும் பசை டப்பாவைத் தேடிப் போவதில்லை. தலைப்பக்கத்தை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் வந்து பார்த்தால் பிடி அசையாது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் என்றில்லை, இரும்படிக்கிற எந்த ஊரிலும் இது பழைய கைவைத்தியம்.

ஆனால் இந்த வைத்தியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாலு நாள் வெயில் பட்டதும் பிடி மறுபடி ஆடும். அதுவும் முன்பு ஆடியதைவிடக் கூடுதலாக ஆடும். மறுபடி வாளி, மறுபடி இறுக்கம், மறுபடி ஆட்டம். இறுக்கிய அதே தண்ணீர்தான் தளர்த்தவும் செய்கிறதா?

காசிமேட்டுக்கு வந்தால் புதிர் இன்னும் சிக்கலாகிறது. மீன்பிடித் துறைமுகத்தில் வஞ்சிரத்தைத் துண்டு போடுகிற கத்தி நாள் முழுக்க ஈரத்தில்தான் கிடக்கிறது. அப்படியானால் அதன் பிடி எப்போதும் இறுக்கமாக அல்லவா இருக்க வேண்டும்? இருப்பதில்லை. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் நகம் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்து, அதில் செதிலும் ரத்தமும் அடைந்து கறுத்துப் போயிருக்கும். வீட்டு அரிவாள்மணையோ வேறு விதமாக அடம் பிடிக்கும்: மழைக்காலத்தில் அலகு ஆடும், கோடையில் பலகை வெடிக்கும்.

ஒரே மரம், ஒரே இரும்பு, ஒரே தண்ணீர். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் சந்து, ஓரிடத்தில் வெடிப்பு. எப்படி?

வெயில்மீது பழி

"வெயிலில் இரும்பு விரியுது, அதான் பிடி லூசாகுது" என்பது பலரும் சொல்லும் காரணம். இரும்பு விரிவது உண்மைதான். எவ்வளவு என்று பார்த்துவிடலாம். பிடிக்குள் இருக்கும் எஃகு 30 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலைக் குளிர்ச்சியிலிருந்து நண்பகல் சூட்டுக்கு 20 டிகிரி ஏறினால் அது விரிவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனைப் பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கு. அதை நகத்தால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. இரும்பை விட்டுவிடலாம், அசைவது மரம்.

மரத்துக்குள் இரண்டு தண்ணீர்

மரத்தைக் குறுக்கே அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால், நெருக்கிக் கட்டிய நாணல் கட்டின் வெட்டுமுகம்போல இருக்கும். எண்ணற்ற நுண்குழாய்கள், எல்லாம் அடியிலிருந்து நுனி நோக்கி நிற்பவை. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று குழாயின் உள்வெளியில். இதைக் குழாய்நீர் என்போம். இன்னொன்று குழாயின் சுவருக்குள்ளேயே, செல்லுலோஸ் இழைகளுக்கு இடையில் செருகிக்கொண்டிருப்பது; இது சுவர்நீர்.

வெட்டிய மரம் காயும்போது முதலில் போவது குழாய்நீர். அது போவதால் எடை குறையும், அளவு குறையாது. குழாய்நீர் முழுக்கத் தீர்ந்து, சுவரில் மட்டும் தண்ணீர் நிறைந்திருக்கும் கட்டம் ஒன்று வரும். அப்போது மரத்தில் இருக்கும் தண்ணீர், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம். இதற்குக் கீழே இறங்கினால்தான் கதை ஆரம்பம். சுவரிலிருந்து தண்ணீர் வெளியேற வெளியேற இழைகள் நெருங்கி வரும், மரம் சுருங்கும். தண்ணீர் திரும்ப நுழைந்தால் இழைகள் விலகும், மரம் ஊதும்.

சுவர்நீர் நிலையாக நிற்பதே இல்லை. சுற்றியுள்ள காற்று எவ்வளவு ஈரமோ அதற்கேற்ப மரம் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் சுமார் 16 சதவீதத்தில் போய் நிற்கும். காற்று 50 சதவீதமானால் மரம் 9க்கு இறங்கும். இந்த நிற்குமிடத்துக்குச் சமநிலை ஈரம் என்று பெயர். வாங்கும்போதே "நல்லா காஞ்ச மரம் சார்" என்று மரவாடியில் சொல்வார்கள். எந்தக் காற்றில் காய்ந்தது என்று கேட்டால்தான் அந்த வாக்கியத்துக்குப் பொருள் வரும். ஐப்பசி, கார்த்திகையில் ராயபுரத்துக் கடற்கரைக் காற்றில் எத்தனை மாதம் அடுக்கி வைத்தாலும் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது பெரும்பாடு. கத்திரி வெயிலில் கடல் காற்று வரத் தாமதமாகி மேல்காற்று அடிக்கும் பிற்பகல்களில் அதே தெருவில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குப் போய்விடும்.

திருவொற்றியூரில் விம்கோ நகர் என்று ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. பெயர் அங்கே இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தீக்குச்சியும் மரம்தான். குச்சியை நன்றாக உலர்த்திய பிறகே மெழுகில் தோய்ப்பார்கள். உலராத குச்சிக்குள் தண்ணீர் உட்கார்ந்திருந்தால் மெழுகுக்கு அங்கே இடமில்லை. பிடி மரத்துக்குப் பிசின் ஏற்றும்போது இதே விஷயம் நமக்கு மறுபடி வேண்டியிருக்கும்.

எந்தப் பக்கம் சுருங்கும்?

சுவரில் உள்ள இழைகள் பெரும்பாலும் குழாயின் நீளவாக்கில் ஓடுகின்றன. தண்ணீர் அவற்றின் நடுவில் நுழைந்து பக்கவாட்டில்தான் தள்ளும்; நீளத்தைக் கூட்டாது. அதனால் மரம் நீளத்தில் சுருங்குவது ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். கத்திப் பிடியின் நீளத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அகலத்தில்தான் ஆட்டம். அதிலும் இரண்டு திசைகள் உண்டு. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போவது ஒன்று, ஆரத்திசை என்பார்கள். ஆண்டு வளையத்தைத் தழுவிப் போவது இன்னொன்று. அதை வளையத்திசை என்று வைத்துக்கொள்வோம். தேக்கு பச்சையிலிருந்து முற்றிலும் உலர்வதற்குள் ஆரத்திசையில் 2.5 சதவீதம் சுருங்குகிறது, வளையத்திசையில் 5.8 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். நடுவிலிருந்து வெளியே ஓடும் கதிர்த்திசுக்கள் ஆரத்திசையில் மரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தேக்கு நல்ல பிள்ளை; இவ்வளவு குறைவாகச் சுருங்கும் மரங்கள் அதிகமில்லை. பொதுவாகக் கனமான மரம் கூடுதலாக அசையும்.

ஒரு பிடியின் கணக்கு

இப்போது ஒரு கத்தியை எடுத்துக்கொள்வோம். எஃகு பிடியின் கடைசிவரை ஓடுகிறது. அதன் இருபுறமும் ஒவ்வொரு தேக்குத் துண்டு வைத்து, மூன்று ரிவெட் அடித்து, விளிம்பை எஃகோடு சமமாக ராவி முடித்திருக்கிறார்கள். பிடியின் அகலம் 30 மில்லிமீட்டர். செய்தது ராயபுரத்தில், கார்த்திகை மழையில். அந்த நேரத்தில் மரத்தின் ஈரம் 16 சதவீதம்.

வளையத்திசையில் 5.8 சதவீதச் சுருக்கத்தை 30 சதவீத ஈரத்துக்குப் பங்கிட்டால், ஈரம் ஒரு சதவீதம் குறையும்போதெல்லாம் மரம் ஏறத்தாழ 0.19 சதவீதம் சுருங்குகிறது. 30 மில்லிமீட்டரில் அது 0.06 மில்லிமீட்டர். சின்ன எண்தான். ஆனால் கூட்டிக்கொண்டே போகும்.

அந்தக் கத்தி ராத்திரியும் பகலும் ஏசி ஓடும் வீட்டுக்குப் போகிறது என்று வைப்போம். அங்கே காற்று 50 சதவீதம், மரம் சில வாரங்களில் 9க்கு இறங்கும். ஏழு படி இறக்கம். சுருக்கம் 0.4 மில்லிமீட்டர். மரம் இரு விளிம்பிலிருந்தும் உள்ளே போவதால் ஒவ்வொரு பக்கமும் எஃகு 0.2 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு தாள் தடிமன். உள்ளங்கைக்கு அது உடனே தெரியும்.

அதே கத்தி டொரான்டோவில் இருக்கும் மகளுக்குப் பார்சல் போனால்? அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது உள்ளே ஈரப்பதம் 25 சதவீதம் அளவுக்கு விழும். மரம் 5, 6 சதவீதத்துக்கு வந்துவிடும். பத்துப் படி இறக்கம், 0.6 மில்லிமீட்டர் சுருக்கம். விளிம்பு கையை அறுக்கும். செய்தவர் கை சுத்தமில்லாதவர் என்று அங்கே பேசிக்கொள்வார்கள். அவர் ராவும்போது விளிம்பு கண்ணாடியாகத்தான் இருந்திருக்கும்.

அதே கட்டையை வேறு விதமாக அறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? துண்டின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். தேக்கில் வளையக் கோடுகள் கண்ணுக்கே தெரியும். பிடியின் அகலத்துக்கு இணையாகக் கோடுகள் படுத்திருந்தால், அகலம் வளையத்திசையில் இருக்கிறது. மேலே போட்ட கணக்கு அதற்குத்தான். கோடுகள் அகலத்துக்குக் குறுக்கே நின்றிருந்தால் அகலம் ஆரத்திசை. டொரான்டோ கத்தியின் 0.6 மில்லிமீட்டர் சுருக்கம் 0.25 ஆகிவிடும். ஒரு பைசா செலவில்லாமல், துண்டைத் திருப்பிப் பிடித்து அறுத்ததால் மட்டும் சந்து பாதிக்கும் கீழே போகிறது. மரத்தின் விலையைப் பற்றி அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கோடுகளைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இரும்பு உள்ளேயா, வெளியேயா?

முதலில் கேட்ட புதிருக்கு வருவோம். சம்மட்டியில் மரம் உள்ளே, இரும்பு வெளியே. மரம் காய்ந்து சுருங்கினால் துளையைவிடச் சிறிதாகிவிடும், ஆடும். நனைந்து ஊதினால் துளையை அடைத்துக்கொள்ளும், இறுகும். இது சுலபம்.

அரிவாள்மணையில் எல்லாம் தலைகீழ். இரும்பு உள்ளே, மரம் வெளியே. பலகையில் ஒரு துளை, அதில் அலகின் வால் இறங்கியிருக்கிறது. பலகை நனைந்து ஊதும்போது துளை சின்னதாகும் என்று தோன்றும். இல்லை. பலகையோடு சேர்ந்து துளையும் பெரிதாகும். துளை இருந்த இடத்தில் மரமே இருந்திருந்தால் அதுவும் ஊதியிருக்கும் அல்லவா, அதே அளவுக்குத் துளையும் விரியும். அதனால்தான் அரிவாள்மணை மழைக்காலத்தில் ஆடுகிறது. கோடையில் பலகை சுருங்கும்போது துளையும் சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் இரும்பு இடம் தராது. மரத்துக்கு இரண்டே வழி: இழுபட்டுக்கொண்டு பொறுத்திருப்பது, அல்லது கிழிவது. இழைக்குக் குறுக்கே இழுப்பதில்தான் மரம் மிகவும் பலவீனம். எனவே துளையின் ஓரத்திலிருந்து இழையோடு ஒரு வெடிப்பு ஓடுகிறது.

மூன்றாவது வகை பூண் போட்ட பிடி. உருண்டைப் பிடி, நடுவில் இரும்பு வால், வாய்ப்பக்கத்தில் வெடிக்காமல் இருக்கப் பித்தளையிலோ இரும்பிலோ பூண். இங்கே மரம் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நனைந்தால் வெளியே ஊதப் பூண் விடாது; உள்ளே ஊத வால் விடாது. காய்ந்தால் பூண் கழன்று கையோடு வரும். பழைய கத்தியின் பூண் பிடியில் மேலும் கீழும் ஓடுவதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

நசுங்கலின் கணக்கு

காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும் என்றால், முதல்முறை இருந்த இடத்துக்கே அல்லவா பிடி திரும்பி வர வேண்டும்? முன்பைவிட அதிகமாக ஏன் ஆடுகிறது?

சம்மட்டித் துளைக்குள் இருக்கும் மரம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பொருந்தியிருக்கிறது, ஈரம் 12 சதவீதம். ராத்திரி முழுக்க வாளியில் கிடந்து 28 சதவீதமாகிறது. தேக்கின் கணக்கையே போட்டால் அது 3 சதவீதம், அதாவது 0.6 மில்லிமீட்டர் ஊத வேண்டும். ஊத இடம் இல்லை. அந்த 0.6 மில்லிமீட்டரும் உள்ளுக்குள்ளேயே நசுங்குகிறது. மரத்தைக் குறுக்காக அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சதவீதம்வரை தாங்கி, விட்டதும் பழைய நிலைக்கு வரும். அதற்கு மேல் போனால் நுண்குழாய்களின் சுவர் மடிந்துவிடும். மடிந்த குழாய் நிமிராது. ஒரு சதவீதம் என்பது 0.2 மில்லிமீட்டர். மீதி 0.4 போனது போனதுதான்.

காலையில் பிடி இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் காய்ந்து 12 சதவீதத்துக்குத் திரும்பும்போது, மரம் தன் முழு 0.6 மில்லிமீட்டரையும் சுருங்கிக் காட்டும். 20 மில்லிமீட்டராக இருந்த கட்டை 19.6 ஆகிவிடும். நேற்றுவரை இல்லாத 0.4 மில்லிமீட்டர் சந்து. முதல் குளியலில்தான் இழப்பு பெரிது. அடுத்தடுத்த குளியல்களில் வேறு இரண்டு காரியம் நடக்கும்: நனைந்த மரத்தை அழுத்தியே வைத்திருந்தால் திரும்பி வர வேண்டிய அந்த 0.2 மில்லிமீட்டரும் மெல்ல மெல்ல நிரந்தர நசுங்கலாகிவிடும். ஆடும் பிடிமேல் அடி விழ விழ விளிம்பும் தேயும்.

ஆடுகிற சம்மட்டிக்குச் சரியான மருந்து ஆப்புதான். பிடியை நன்றாகக் காயவைத்து, எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு சுருங்கவிட்டு, அதன்பின் தலையில் புது ஆப்பு அடிக்க வேண்டும். ஈர மரத்தில் அடித்த ஆப்பு காய்ந்ததும் கையால் உருவ வரும்.

காசிமேட்டுக் கத்திக்கும் இதேதான் நடக்கிறது, ஆனால் தினமும் பல முறை. மீன் அலசும்போது நனையும். வெயிலில் கட்டைமேல் கிடக்கும்போது காயும். பிடியின் மேல்தோல் மட்டும் ஈரம் குடித்து ஊதப் பார்க்கும். காய்ந்திருக்கும் உள்மரமும் இரும்பும் அதை ஊதவிடாது. மேல்தோல் நசுங்கும். காயும்போது அது மட்டும் அதிகமாகச் சுருங்கி, மயிரிழை வெடிப்புகளாகப் பிளக்கும். வெடிப்பு வழியே அடுத்த முறை தண்ணீர் இன்னும் ஆழம் போகும். பெரிய மீனை வெட்டும்போது கத்தியின் முதுகில் கட்டையால் ஓங்கி அடிக்கிறார்கள். அந்த அதிர்ச்சி முழுக்க ரிவெட்டைச் சுற்றியுள்ள நசுங்கிய மரத்தில் போய் இறங்குகிறது.

உப்பு சேர்ந்தால்

கடலோரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. மரத்துக்குள் போன கடல்நீர் காயும்போது தண்ணீர் மட்டும்தான் வெளியேறும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட வறண்ட காற்றிலும் இழுக்கும். எனவே உப்பேறிய பிடி, பக்கத்தில் இருக்கும் உப்பில்லாத பிடியைவிட எப்போதும் ஈரமாகவே இருக்கும். அப்படியானால் சுருங்காதே, நல்லதுதானே என்று தோன்றலாம். ஈரமும் உப்பும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். வால் உள்ளிருந்தே பருத்து மரத்தைப் பிளக்கும்.

இந்த இரண்டு சேதத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது. எஃகின் விளிம்போடு ஒரே சீராக ஓடும் சந்து, மரம் சுருங்கியதால் வந்தது. ரிவெட்டிலிருந்தோ வாலிலிருந்தோ புறப்பட்டு, இழையோடு ஓடி, ஓரம் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும் வெடிப்பு துருவால் வந்தது. முதலாவதை மரம் பார்த்துச் சரிசெய்யலாம். இரண்டாவதற்குக் கத்தியைக் கழற்றாமல் வழியில்லை.

ஆணி அடிக்காத படகுகள்

இந்தக் கடற்கரையில் மரத்தோடும் ஈரத்தோடும் மல்லுக்கட்டியவர்கள் கத்தி செய்தவர்கள் மட்டுமல்ல. சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டுவதற்கு முன்பு கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நடுக்கடலில்தான் நங்கூரம் பாய்ச்சும். ஆளையும் சரக்கையும் அலைதாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்து, இணைப்பின்மேல் நார்த் திணிப்பு வைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது உடையாமல் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அமைப்பு. கூடவே இன்னொரு லாபமும் கிடைத்தது: பலகை ஊதினாலும் சுருங்கினாலும் அதைப் பிளக்க இரும்பு இல்லை, நனைந்த நார் உப்பிச் சந்தை அடைத்துக்கொள்ளும். கட்டுமரத்தில் இது இன்னும் எளிது. கட்டைகளைக் கயிற்றால் கட்டுவார்கள். கடலிலிருந்து வந்ததும் அவிழ்த்துக் கரையில் காயப்போடுவார்கள். மரம் அசையும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு செய்த வேலை அது.

கத்திப் பிடியைக் கயிற்றால் தைக்க முடியாது. ஆனால் அந்த யோசனையைக் கடன் வாங்கலாம். ரிவெட் தண்டுக்கு மரத்தில் போடும் துளை மயிரிழை அளவு தாராளமாக இருந்தால், மரம் சுருங்கும்போது தண்டு அதைப் பிளக்காது. எஃகுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒட்டுவது சற்று நெகிழும் பசையாக இருந்தால், மரத்தின் சின்ன அசைவை அது தாங்கிக்கொள்ளும். கண்ணாடியாக இறுகும் பசை முதல் கோடையிலேயே விட்டுப்போகும்.

பிடி போடுமுன்

சந்து வராமல் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு உளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எஃகு மேசையில் இருக்கட்டும். முதலில் மரத்தின் ஈரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு மீட்டர் விற்கிறார்கள். இல்லாவிட்டாலும் குறையில்லை. பிடிக்கு எடுத்த அதே கட்டையில் ஒரு சிறு துண்டை அறுத்து எடை போடுங்கள்; 57.5 கிராம் என்று வைப்போம். நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலான சூட்டில் அடுப்பில் வைத்து, இனி எடை குறையாது என்ற கட்டம்வரை உலர்த்துங்கள். இப்போது 50 கிராம். போன தண்ணீர் 7.5 கிராம், ஐம்பதில் ஏழரை என்றால் 15 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு.

பிடிக்கு அறுத்து வைத்த துண்டுகளை இறுதி அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே அறுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் குச்சி வைத்து அடுக்கி, வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை நின்றுவிட்டால் மரம் அந்த அறையின் காற்றோடு சமாதானமாகிவிட்டது. அந்த அறை எது என்பதில்தான் சூட்சுமம். கத்தி ஏசி வீட்டுக்குப் போகிறதென்றால் ஏசி அறையில் அடுக்குங்கள். மழைக்காலத்தில் பட்டறையிலேயே வைத்து, எடை நின்றுவிட்டது என்று திருப்திப்பட்டால், நின்றது 16 சதவீதத்தில்.

எங்கே போகும் என்று தெரியாத கத்திக்கு? காய்ந்த பக்கமே சாயுங்கள். அதிகம் காய்ந்த மரத்தில் செய்த பிடி பின்னால் ஊதினால் மரம் எஃகைவிட ஒரு மயிரிழை எழும்பி நிற்கும். கைக்கு அது உறுத்தாது, அடுத்த கோடையில் அடங்கிவிடும். ஈர மரத்தில் செய்த பிடி சுருங்கினால் எஃகு எழும்பி நிற்கும். பூண் போட்ட பிடிக்கும் சம்மட்டிக்கும்கூட இதே விதிதான்.

மரத்தில் வைரம் பாய்ந்த பகுதியையே எடுங்கள். வைரம் பாயாத வெளிறு தண்ணீரை வேகமாகக் குடிக்கும், பூச்சியும் அதைத்தான் முதலில் தேடும். எந்த மரம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. தேக்கு குறைவாக அசையும், ஆனால் ஓங்கி விழும் அடியில் சட்டென்று முறியும். கருவேலம் அடியைத் தாங்கும். சம்மட்டிக்கும் மண்வெட்டிக்கும் அதை நாடுவது அதனால்தான். காய்கறிக் கத்திக்குத் தேக்கு, கட்டையால் அடிவாங்கும் மீன் கத்திக்குக் கருவேலம் என்பது என் பரிந்துரை.

எண்ணெய் என்ன செய்யும், என்ன செய்யாது

எண்ணெய் பூசினால் மரம் சுருங்காது என்பது பாதி உண்மைகூட இல்லை. எண்ணெய் செய்வது தாமதப்படுத்துவது. மழைநாளின் ஈரம் உள்ளே போய்ச் சேர்வதற்குள் வெயில் வந்துவிட்டால், மரம் அந்த ஏற்ற இறக்கத்தை உணராமலே கடந்துவிடும். மூன்று மாதம் நீடிக்கும் பருவமழையை எந்த எண்ணெயும் வெளியே நிறுத்தாது.

வீட்டில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். அது மரத்தில் ஊறும். ஆனால் எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருக்கும். நாலு முறை சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் வேறு ஜாதி. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் இறுகிப் பிசினாகிவிடும். மெல்லிதாகப் பூசி, துடைத்து, இறுகவிட்டு, மறுபடி பூச வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். இறுகும்போது வரும் சூட்டில் அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். படகுக்குப் பூசும் முந்திரி ஓட்டு எண்ணெய் இன்னும் வலுவானது. ஆனால் தோலைப் பொத்துப்போகச் செய்யும். கையில் பிடிக்கும் சாமானுக்கு ஆகாது.

பூசுகிறவர்கள் பெரும்பாலும் பளபளக்கும் பக்கங்களைத்தான் பார்த்துப் பார்த்துப் பூசுகிறார்கள். தண்ணீர் அவசரமாக நுழைவது அங்கே இல்லை. குழாய்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுகத்தில்தான். அதாவது பிடியின் பின்முனையிலும், அலகோடு சேரும் முன்முனையிலும், ரிவெட் துளைக்குள்ளும். பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக அவை ஈரத்தை இழுக்கும். இந்த மூன்று இடங்களிலும் எண்ணெயோ உருக்கிய மெழுகோ குடிக்கும்வரை கொடுங்கள். ரிவெட் அடிப்பதற்கு முன்பே துளைக்குள் கொடுத்துவிட வேண்டும். அடித்தபின் அங்கே எட்டாது.

பிசின் குடித்த மரம்

சுவர்நீர் இருக்கும் இடத்தில் வேறெதையாவது நிரந்தரமாக உட்காரவைத்துவிட்டால் மரம் சுருங்காதல்லவா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஸ்டாம் இதையே தொடர்ந்து ஆராய்ந்தார். அவர் வழி வந்த மெழுகு போன்ற பொருள் பாலிஎத்திலீன் கிளைக்கால். 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 1961இல் தூக்கியபோது, அதைக் காயவிட்டால் ஓக் பலகைகள் சுருங்கிப் பிளந்துவிடும் என்று பயந்து, இந்தப் பொருளைக் கரைத்து 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்தார்கள். தண்ணீர் விட்ட இடத்தில் அது போய் உட்கார்ந்தது. ஆனால் அது தண்ணீரில் கரையும். அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும், மீன் அலசும் கைக்குப் பொருந்தாது.

கத்தி செய்கிறவர்கள் இன்று பிடிப்பது வேறு வழி. முற்றிலும் உலர்த்திய மரத்துண்டைப் பிசின் திரவத்தில் அமிழ்த்தி, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, குழாய்களுக்குள் பிசின் புகுந்ததும் சூடாக்கி இறுக்குகிறார்கள். இங்கே "முற்றிலும் உலர்த்திய" என்பதுதான் உயிர்நாடி. தீக்குச்சிக்குச் சொன்ன அதே காரணம். பிசின் பெரும்பாலும் குழாயின் உள்வெளியைத்தான் நிரப்பும், சுவரை அவ்வளவாக எட்டாது. எனவே அசைவு அடியோடு நிற்பதில்லை. ஆனால் தண்ணீர் போகும் பாதை அடைபடுவதால் மிகவும் மெதுவாகிவிடும். கையில் பிடித்தால் கனமாகவும் பாதி பிளாஸ்டிக் போலவும் இருக்கும். ஏற்றுமதிக்கு மீன் பதப்படுத்தும் ஆலைகளில் மரம் அசையும் சிக்கலே கிடையாது. சந்தில் கிருமி தங்கும் என்பதால் மரப்பிடியையே உள்ளே விடுவதில்லை. அங்கே பிளாஸ்டிக் பிடிதான்.

காசிமேட்டு ஏலக் கூடத்துக்கு வெளியே நாள் முழுக்க வெட்டும் கத்திக்குப் பிசின் மரம் கட்டுபடியாகாது; வேண்டியதும் இல்லை. காய்ந்த கருவேலம், குறுக்கே நிற்கும் வளையக் கோடு, மெழுகு குடித்த வெட்டுமுகம், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு அலசல், நிழலில் உலர்த்தல். இவ்வளவும் செய்தாலும் அந்தப் பிடி ஒருநாள் தேயத்தான் செய்யும். எப்போது மாற்றுவது என்பதற்கு ரிவெட்டின் தலையைப் பாருங்கள். அதைச் சுற்றிக் கருவளையம் தெரிந்தால், இரும்பு கரைந்து கருவேலத்தின் துவர்ப்புச்சத்தோடு சேர்ந்து கறுத்திருக்கிறது என்று பொருள்; தண்ணீர் தண்டுவரை போய்விட்டது. சந்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பிடியைக் கழற்றிவிடலாம்.